ராயபுரத்து மாடி வீட்டில் ஒரு காக்கர் ஸ்பானியல்: வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா?

கடற்காற்று, ராயபுரம்:

அனைவருக்கும் வணக்கம். ராயபுரத்தில் குறுகலான ஒரு தெருவில், முதல் மாடியில், ஏறத்தாழ 600 சதுர அடி வீட்டில் குடியிருக்கிறோம். நானும் கணவரும், 9 வயது மகளும், 5 வயது மகனும், மாமனார் மாமியாருமாக ஆறு பேர். நான்கு மாதங்களுக்கு முன்பு, வெளிநாட்டுக்கு வேலை மாறிச் சென்ற என் கணவரின் நண்பர் தம்முடைய காக்கர் ஸ்பானியல் நாயை எங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். ஆண் நாய், வயது ஒன்று, பொன்னிறம், எடை 13 கிலோ, பெயர் முத்து. நீண்டு தொங்கும் காதுகளையும் பெரிய கண்களையும் பார்த்து, மடியில் படுத்துக் கிடக்கும் வகை நாய் என்றே நாங்கள் எண்ணினோம். துப்பாக்கி வேட்டைக்காக உருவாக்கப்பட்ட இனம் இது என்பது பிறகுதான் தெரிந்தது.

முத்துவின் குணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூட்டுவலியோடு மாமனார் மாடிப்படி ஏறும்போது, அவர் ஒரு படி ஏறினால் தானும் ஒரு படி ஏறி, நின்று, திரும்பிப் பார்த்து, அவருக்காகக் காத்திருக்கிறான். ஆனால் அவனுடைய சுறுசுறுப்புக்கு எங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. காலை ஐந்தரை மணிக்கு என் கணவர் அவனைக் கல்மண்டபம் வரை அரை மணி நேரம் நடத்திக்கொண்டு போய் வருகிறார். மாலையில் நானும் மகளும் அதே அளவு நடக்கிறோம். வழி முழுவதும் மூக்கைத் தரையில் பதித்து இழுத்துக்கொண்டே போகிறான். மீன் விற்கும் இடம் வந்துவிட்டால் கயிற்றைப் பிடித்திருப்பவரின் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கிறது. வீட்டுக்கு வந்த பத்தாவது நிமிடத்தில் மீண்டும் சுற்றத் தொடங்குகிறான். மொட்டை மாடியில் விட்டால் காகத்தையும் புறாவையும் விரட்டிக் கைப்பிடிச் சுவரில் ஏறப் பார்க்கிறான் என்பதால், இப்போது அங்கே விடுவதையும் நிறுத்திவிட்டோம்.

உண்மையில் என்னை எழுத வைத்தது வேறொன்று. செருப்பு, மாமனாரின் மூக்குக் கண்ணாடிக் கூடு, மகனின் பள்ளிக் காலுறை என்று எது கிடைத்தாலும் கவ்விக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறான். கடித்துக் கிழிப்பதில்லை, ஆனால் திருப்பிக் கேட்டால் தருவதுமில்லை. சென்ற வாரம் என் மகன் காலுறையை எடுக்கக் கட்டிலுக்கு அடியில் கையை நீட்டியபோது, பல்லைக் காட்டி உறுமினான். கடிக்கவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து என் மாமியார், பொன்னேரிப் பக்கம் வயல் வைத்திருக்கும் உறவினர் வீட்டுக்கு முத்துவை அனுப்பிவிட வேண்டும் என்று சொல்லிவருகிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பேரன்மீது உள்ள அக்கறையில்தான் சொல்கிறார்.

இவ்வளவு சிறிய வீட்டில் இப்படிப்பட்ட நாயை வைத்திருப்பதே அதற்குச் செய்யும் கொடுமையா? இன்னும் அதிக நேரம் ஓடவிட்டால் அடங்குவானா? உறுமலை எப்படி எடுத்துக்கொள்வது? காதுகளிலிருந்து புளித்த வாடை வேறு வருகிறது. சித்திரை வெயில் தொடங்கியதிலிருந்து பகல் முழுவதும் மூச்சிரைக்கிறான். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பெரம்பூர் வாசி:

அம்மா, மற்றவை எல்லாம் சில நாள் காத்திருக்கலாம்; குழந்தையைப் பார்த்து உறுமியது காத்திருக்கக் கூடாது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன். பெரம்பூரில் இரண்டு அறை வீட்டில் பதினொரு ஆண்டுகள் ஒரு காக்கர் ஸ்பானியலோடு வாழ்ந்திருக்கிறேன். அது போன பிறகு இப்போது இரண்டாவதை வளர்க்கிறேன். நான் எழுதுவது அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்டது மட்டுமே.

சுடப்பட்டு விழுந்த பறவையைச் சிறகு கலையாமல் கவ்வி வந்து வேட்டைக்காரரின் கையில் கொடுப்பது இந்த இனத்தின் தொழில்களில் ஒன்று. பல தலைமுறைகளாக அதற்கென்றே தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டதால், வாயில் எதையாவது சுமப்பது அதற்குப் பசியைப் போன்ற ஒரு தேவையாகிவிட்டது. முத்து செருப்பைக் குதறாமல் முழுதாகக் கொண்டுபோவது அதனால்தான். ஆனால் அவன் ஒவ்வொரு முறை எதையாவது கவ்வும்போதும் வீட்டில் உள்ளவர்கள் கூச்சலிட்டுத் துரத்தி, வாயைப் பிளந்து பிடுங்கினால், கையில் கொடுக்க வேண்டியதை ஒளித்துக் காக்க வேண்டும் என்று அவன் கற்றுக்கொள்கிறான். ஸ்பானியல்களிடம் இந்தப் பொருள் காக்கும் குணம் எளிதில் வேர்விடும். முந்தைய வீட்டிலேயே இது தொடங்கியிருக்கவும் கூடும்.

இனி ஒருவரும் அவன் வாயிலிருந்து எதையும் பிடுங்க வேண்டாம். உறுமியதற்காக அடிக்கவும் வேண்டாம். அடிபட்ட நாய் உறுமுவதை விட்டுவிடும், கடிப்பதை விடாது, நமக்கு முன்னெச்சரிக்கை மட்டும் இல்லாமல் போய்விடும். நீங்களோ உங்கள் கணவரோ வேகவைத்த கோழி ஈரலை விரல் நுனி அளவுக்கு நறுக்கி ஒரு டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். அவன் எதையாவது கவ்வியிருக்கும்போது சற்றுத் தள்ளி உட்கார்ந்து, சாதாரணக் குரலில் “கொடு” என்று சொல்லி, ஈரலைத் தரையில் வையுங்கள். பொருளைக் கீழே போட்டுவிட்டு வந்து தின்பான். அவன் தின்னும்போது பொருளை எடுத்து, கெடுதல் இல்லாத பொருளானால் அவனிடமே திரும்பக் கொடுத்துவிடுங்கள். கொடுத்தால் இழப்பில்லை என்று அவனுக்குப் புரிவது அந்தக் கடைசிச் செயலில்தான். பெரும்பாலானவர்கள் அதைச் செய்யாமல் விடுவதால் பயிற்சி பாதியில் நின்றுபோகிறது. இதைப் பெரியவர்கள் மட்டுமே செய்ய வேண்டும். 5 வயதுக் குழந்தைக்கு ஒரே விதி போதும்: முத்து சாப்பிடும்போதும், கட்டிலுக்கு அடியில் இருக்கும்போதும், வாயில் ஏதாவது வைத்திருக்கும்போதும் அம்மாவைக் கூப்பிட வேண்டும், கையை நீட்டக் கூடாது. பெரியவர் யாரும் அறையில் இல்லாத நேரத்தில் இருவரையும் தனியே விடாதீர்கள். கட்டிலடியைப் பலகையோ அட்டைப் பெட்டியோ வைத்து அடைத்துவிட்டு, அவனுக்கென்று ஒரு மூலையில் பாய் விரித்துக் கொடுங்கள்.

அடுத்து, அவன் ஏன் அடங்குவதில்லை என்பது. நம் ஊரில் வேட்டை நாய் என்றவுடன் சிப்பிப்பாறையும் கன்னியும் நினைவுக்கு வரும். அவை முயலைக் கண்ணால் கண்டு, காற்றாய் ஓடிப் பிடிப்பவை. ஓடி முடித்தால் நிழலில் படுத்துவிடும். ஸ்பானியலின் வேலை அப்படிப்பட்டதன்று. புதரும் சதுப்புமான இங்கிலாந்து நிலத்தில், துப்பாக்கியோடு நடப்பவரின் முன்னால், தோட்டா எட்டும் தொலைவுக்குள்ளேயே, குறுக்கும் நெடுக்குமாக நாள் முழுவதும் மோப்பம் பிடித்துச் சென்று, ஒளிந்திருக்கும் பறவையைக் கிளப்பிவிட வேண்டும். காக்கர் என்ற பெயரே, உள்ளான் குடும்பத்தைச் சேர்ந்த வுட்காக் என்னும் பறவையிலிருந்து வந்தது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளில் பெரியவற்றை ஸ்பிரிங்கர் என்றும் சிறியவற்றைக் காக்கர் என்றும் எடை பார்த்துப் பிரித்த காலமும் இருந்தது. 1890-களில்தான் காக்கர் தனி இனமாக அங்கே பதிவு பெற்றது. இன்றைக்கும் விமான நிலையங்களில் வெடிபொருளைத் தேடும் பணிக்கு இந்த இனத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்றால், அந்த மூக்கும் அந்தச் சலியாத உழைப்பும்தான் காரணம்.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பறவை வேட்டை என்ற தொழிலுக்கே இடமில்லை, இருக்கவும் வேண்டாம். ஆகவே முத்து, வேலை தெரிந்தும் வேலை கிடைக்காதவனாக உங்கள் வீட்டில் இருக்கிறான். அவனை இன்னும் அதிகமாக ஓடவிட்டால், இன்னும் அதிகமாக ஓடும் உடல்வலிமை பெறுவானே ஒழிய அடங்கமாட்டான். மூக்குக்கு வேலை கொடுங்கள். நான் செய்வதைச் சொல்கிறேன். காலை உணவைத் தட்டில் வைப்பதேயில்லை. பழைய கோணிப்பையைச் சுருட்டி அதன் மடிப்புகளுக்குள்ளும், பூந்தொட்டிகளுக்குப் பின்னாலும், துணி துவைக்கும் கல்லுக்கு அடியிலும் உணவைச் சிறிது சிறிதாக மறைத்துவிட்டு, “தேடு” என்று சொல்லிவிடுவேன். முதல் நாள் அவன் கண்ணெதிரே மறைக்க வேண்டும். பத்து நாளில், அவனை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு மறைக்கலாம். பதினைந்து நிமிடம் இப்படித் தேடிய பிறகு, ஒரு மணி நேரம் நடந்து வந்தபோதுகூட உறங்காத நாய், கால்களை நீட்டிப் போட்டு உறங்குவதைப் பார்ப்பீர்கள். ராயபுரத்தில் கருவாடு எளிதாகக் கிடைக்கிறதே என்று அதைப் பயன்படுத்திவிடாதீர்கள். உப்பு மிக அதிகம்.

மாலையில், பழைய துண்டு ஒன்றை உருட்டி முடிச்சுப் போட்டு, அதை எறிந்து எடுத்துவரச் சொல்லுங்கள். ஐந்தாறு முறை போதும். எறிந்தவுடன் ஓடவிடாமல், உட்காரவைத்து, அவன் உங்கள் முகத்தைப் பார்க்கும் வரை காத்திருந்து, பிறகு அனுப்புங்கள். வேட்டை நாய்ப் பயிற்சியில் அடிப்படையே இந்தக் காத்திருப்புதான். புறாவைக் கண்டதும் பாயாமல் நிற்பதும் இதிலிருந்தே வரும். மொட்டை மாடியில் அது கைகூடும் வரை பத்து மீட்டர் கயிறு இல்லாமல் விட வேண்டாம்.

நடைக்குச் செல்லும்போது அரை மணி நேரமும் அவனை இழுத்துக்கொண்டு நடக்காமல், பாதி நேரமாவது அவன் முகர்ந்து நிற்கும் இடத்தில் நீங்களும் நில்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் திருவொற்றியூர்ப் பக்கம் கடற்கரைக்குக் கூட்டிச் செல்லலாம். ஆனால் மீனவர்கள் வலை காயவைத்திருக்கும் இடத்தில் நாயை விடுவது பெருந்தவறு. அவர்களுடைய பிழைப்புக்கான பொருளை அது கெடுக்கும், மணலில் கிடக்கும் தூண்டில் முள் அதன் வாயில் சிக்கும். திரும்பியவுடன் நல்ல தண்ணீரில் குளிப்பாட்டுங்கள். உப்பும் மணலும் காதோர முடியில் தங்கினால் சடை விழும்.

600 சதுர அடியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வீட்டில் அவன் எப்படியும் உங்கள் காலடியில்தான் படுத்திருக்கப் போகிறான்.


கால்நடை மருத்துவர், மாதவரம்:

பெரம்பூர் நண்பர் பழக்கத்தைப் பற்றி நன்றாக எழுதியிருக்கிறார். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். காதில் வலி உள்ள நாய், தலைக்கு அருகே கை வருவதைக் கண்டே உறுமும். காதுகளில் புளித்த வாடை வருகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால், பயிற்சியைத் தொடங்குவதற்கு முன் அல்லது அதனோடு சேர்த்தே காதைப் பரிசோதித்துவிடுவது நல்லது. உங்கள் பகுதிக்கு வேப்பேரியில் உள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தொலைவன்று. 1903-இல் தொடங்கப்பட்ட அந்தக் கல்லூரியில் தோல், காது தொடர்பான நோய்களை அன்றாடம் பார்க்கிறார்கள்.

நாயின் காதுக் குழாய் நேராகக் கீழே இறங்கி, பிறகு உள்நோக்கி வளைகிறது. ஸ்பானியலுக்கு அந்தக் குழாயில் மெழுகு சுரக்கும் சுரப்பிகள் மிகுதி. மேலே கனத்த காது மடல் மூடியிருக்கிறது. உட்புறம் முடியும் அடர்த்தி. இவற்றோடு சென்னையின் ஈரக்காற்றும் சேரும்போது, இயல்பாகவே அங்கே வாழும் ஈஸ்ட் வகைப் பூஞ்சை பெருகி, பழுப்பு நிற அழுக்கும் வாடையும் உண்டாகின்றன. தேங்காய் எண்ணெய் ஊற்றுவதும், பஞ்சுக் குச்சியால் குடைவதும் நிலைமையை மோசமாக்கும். மருத்துவர் தரும் கழுவுநீரை வாரம் ஒரு முறை காதுக்குள் விட்டு, அடிப்பகுதியை வெளியிலிருந்து மெல்ல அமுக்கிவிட்டு, நாய் தலையை உதறிய பிறகு வெளியே வருவதை மட்டும் பஞ்சால் துடைத்தால் போதும். மடலின் உட்புற முடியை மாதம் ஒரு முறை குட்டையாக வெட்டிவிடுங்கள். உணவிலும் தண்ணீரிலும் காது நனையாதிருக்க, வாய் குறுகிய, ஆழமான கிண்ணம் வேண்டும். பழைய காலுறையின் நுனியை வெட்டி, சாப்பிடும் நேரத்தில் காதுகளைச் சேர்த்துத் தலையில் மாட்டிவிடுவதும் பயன் தரும். ஒரு காதை மட்டும் சாய்த்துக்கொண்டு நடந்தாலோ, தொட்டால் கத்தினாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

வெயில் குறித்து நான் கண்டிப்பாகவே பேச விரும்புகிறேன். நாய் பெரும்பாலும் மூச்சிரைப்பின் வழியாகத்தான் உடல் சூட்டைத் தணிக்கிறது. நாக்கிலுள்ள ஈரம் ஆவியாக வேண்டும். கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் அது எளிதில் ஆவியாவதில்லை. ஆகவே வெப்பமானி காட்டும் அளவைவிட நாய் படும் துன்பம் கூடுதல். கத்திரி முடியும் வரை காலை ஆறு மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள். மாலையில், புறங்கையைச் சாலையில் ஏழெண்ணும் வரை வைத்துப் பார்த்து, பொறுக்க முடிந்தால் மட்டும் அழைத்துச் செல்லுங்கள். ஸ்பானியல், விளையாட்டு சூடுபிடித்துவிட்டால் தானாக நிறுத்தாது. நிறுத்துவது உங்கள் பொறுப்பு. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 பாகை செல்சியஸ். 41 பாகையைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. தள்ளாடுதல், கெட்டியான எச்சில், ஈறு மிகவும் சிவந்துபோதல் ஆகியவற்றைக் கண்டால், உடல் முழுவதும் குழாய்த் தண்ணீரை ஊற்றி, மின்விசிறிக்கு நேரே வைத்து, குளிர்விக்கத் தொடங்கிய பிறகே வண்டியைத் தேடுங்கள். ஈரத் துணியைப் போர்த்தி அப்படியே விட்டுவிடக் கூடாது. அது சூட்டை உள்ளேயே தேக்கும். வெயிலுக்காக உடல் முழுவதையும் மழித்துவிட வேண்டாம். வயிற்றுப்புறத்தையும் பாதங்களுக்கு இடையிலும் குட்டையாக வெட்டினால் போதும்.

உண்ணியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் ஊரில் காணப்படும் பழுப்பு நாய் உண்ணி நாயின் உடலில் மட்டும் வாழ்வதில்லை; சுவர் விரிசல்களில் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. அது பரப்பும் எர்லிக்கியா, பபீசியா நோய்களில் காய்ச்சல், சோர்வு, ஈறு வெளுத்தல், சில வேளை மூக்கில் இரத்தம் என்று தொடங்கி உயிரிழப்பு வரை போகலாம். காது மடலின் உட்புறம், விரலிடுக்கு, வாலடி ஆகிய இடங்களைத் தினமும் பாருங்கள். உண்ணித் தடுப்பு மாத்திரையை எடைக்கு ஏற்ப மருத்துவர் எழுதித் தருவார். மண்ணெண்ணெய் தடவவே கூடாது.

வடசென்னையில் மழைக்காலம் என்றால் தெருவில் தண்ணீர் தேங்குவதும், அதில் எலியின் சிறுநீர் கலப்பதும் வழக்கம். அதன் வழியே பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நாயிடமிருந்து மனிதருக்கும் வரக்கூடியது. வெறிநாய்த் தடுப்பூசியோடு இதற்கான தடுப்பூசியையும் ஆண்டுதோறும் ஐப்பசிக்கு முன்பே போட்டுவிடுங்கள். வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று மாநகராட்சி உரிமத்துக்கும் தேவைப்படும். நாய் பழைய உரிமையாளர் பெயரில் இருந்தால் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். குழம்பு சாதம் கொடுக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். இந்த இனம் எவ்வளவு தின்றாலும் பசிப்பது போலவே பார்க்கும். அந்தப் பார்வைக்கு இரங்கினால் ஓர் ஆண்டில் 13 கிலோ 18 கிலோ ஆகிவிடும்.


ஒற்றியூர் வாசகர்:

சகோதரி, மேலே எழுதிய இருவரும் வைத்துக்கொள்ளும் வழியைச் சொல்லியிருக்கிறார்கள். அனுப்பிவிடுவதைப் பற்றி, அதைச் செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். என்னிடம் இருந்தது ஸ்பிரிங்கர் ஸ்பானியல். காக்கரைவிடப் பெரியது, 22 கிலோ. நான் இரவுப் பணி, மனைவி பகல் பணி. நாய்க்கு இடம் வேண்டும் என்று எண்ணி, கும்மிடிப்பூண்டிக்கு அருகே மாந்தோப்பு வைத்திருந்த ஒருவரிடம் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோது, மோட்டார் கொட்டகைத் தூணில் கட்டிக் கிடந்தது. அவர் கெட்டவர் அல்லர். வாத்துகளைத் துரத்தியது என்பதால் பகலில் கட்டிவைத்தார். அவருக்குத் தெரிந்தவரை நாய் என்றால் காவலுக்கு. பிறகு அதை அங்கிருந்து அழைத்துவந்து, வியாசர்பாடியில் ஓர் ஓய்வுபெற்ற தம்பதியிடம் சேர்த்தேன். அவர்கள் வீடு என் வீட்டைவிடச் சிறியது. ஆனால் அந்தப் பெரியவர் காலையும் மாலையும் அதோடு நடந்தார், பேசினார். அது நன்றாக இருந்தது.

ஆகவே பொன்னேரி வயலை மட்டும் நம்பி அனுப்பாதீர்கள். அதே சமயம், உங்கள் மாமியாரின் அச்சத்தையும் ஒதுக்கிவிடாதீர்கள். எட்டு வாரம் ஒழுங்காகப் பயிற்சி கொடுத்தும் குழந்தையிடம் உறுமுவது குறையவில்லை என்றால், குழந்தை இல்லாத, நடக்க நேரமுள்ள ஒரு வீட்டைத் தேடிக் கொடுப்பதில் குற்றம் ஏதுமில்லை. குழந்தையும் பாதுகாப்பாக இருக்க வேண்டும், நாயும் குற்றவாளியாகக் கூடாது.


கடற்காற்று, ராயபுரம்:

அனைவருக்கும் நன்றி. ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். முதலில் காதைத்தான் காட்டினோம். இரண்டு காதிலும் பூஞ்சைத் தொற்று. இடக்காதில் புண்ணே ஆகியிருந்தது. மருந்து போட்ட மூன்றாம் வாரத்திலிருந்து தலையைத் தடவவிடுகிறான். இத்தனை நாளும் வலியோடு இருந்தவனைத்தான் நாங்கள் முரடன் என்று பேசிக்கொண்டிருந்தோம் என்பதை நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

“கொடு” என்ற பயிற்சியை என் கணவரும் நானும் மாறி மாறிச் செய்கிறோம். முதல் வாரம் ஈரலைத் தின்றுவிட்டு, பொருளையும் கவ்விக்கொண்டு ஓடினான். பொருளைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கிய பிறகு நிலைமை மாறியது. நேற்று மாமனாரின் கண்ணாடிக் கூட்டைத் தானாகவே கொண்டுவந்து அவர் மடியில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மகனை இன்னும் தள்ளியேதான் வைத்திருக்கிறோம். ஆனால் உணவை ஒளித்து வைக்கும் வேலை இப்போது அவனுடையது. முத்துவைச் சமையலறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, என் மாமியாரும் பேரனும் சேர்ந்து மறைத்து வைக்கிறார்கள். பொன்னேரிப் பேச்சை மாமியார் இப்போது எடுப்பதில்லை. முற்றிலும் சமாதானம் ஆகிவிட்டார் என்றும் சொல்ல மாட்டேன்.

புதிதாக ஒரு கவலை. போன புதன்கிழமை எங்கள் தெருவில் ஓர் இறுதி ஊர்வலம் போனது. பறையும் வெடியும் அரை மணி நேரம் ஓயவில்லை. முத்து குளியலறையில் வாளிக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டு, ஊர்வலம் போய் ஒரு மணி நேரம் ஆகியும் நடுங்கிக்கொண்டிருந்தான். துப்பாக்கிச் சத்தத்தின் நடுவே வேலை செய்வதற்காக உருவான இனம் வெடிக்கு இவ்வளவு அஞ்சுமா? எங்கள் பகுதியில் இது மாதத்துக்கு இரண்டு மூன்று முறை நடப்பது, தீபாவளியும் வரப்போகிறது.


பெரம்பூர் வாசி:

அம்மா, காது விஷயத்தை நான் முதலிலேயே கவனித்துச் சொல்லியிருக்க வேண்டும். மருத்துவர் அதைச் சொன்னது நல்லதாயிற்று.

வெடிக்கு அஞ்சாமை பிறவியில் வருவதன்று. வேட்டைக்குப் பழக்குபவர்களும் குட்டியின் அருகே எடுத்த எடுப்பில் துப்பாக்கியைச் சுடுவதில்லை. குட்டி உணவு உண்ணும்போது தொலைவில் கைதட்டுவார்கள். சில நாள் கழித்துத் தட்டைத் தட்டுவார்கள். பல வாரங்களுக்குப் பிறகு, மிகத் தொலைவில், குறைந்த ஒலியுள்ள துப்பாக்கியைச் சுட்டு, ஒவ்வொரு முறையும் நாய் இயல்பாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து நெருங்குவார்கள். இவ்வளவும் செய்தும் அஞ்சும் நாய்கள் உண்டு. அவற்றை வேலைக்கு அழைத்துச் செல்ல மாட்டார்கள். புதிய ஒலிகளைக் குட்டி எளிதில் ஏற்றுக்கொள்வது பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காம் வாரம் வரைதான். முத்து அந்த வயதில் எங்கே, எத்தகைய அமைதியில் வளர்ந்தான் என்பது நமக்குத் தெரியாது. இனிப் பொறுமையாகத்தான் பழக்க வேண்டும்.

கைப்பேசியில் பறை ஒலியையும் வெடி ஒலியையும் பதிவு செய்து, காதுக்கு எட்டியும் எட்டாத அளவில் வைத்து, அவன் கோணிப்பையில் தேடிக்கொண்டிருக்கும்போது ஐந்து நிமிடம் ஒலிக்கவிடுங்கள். காதை விறைத்து நின்றுவிட்டாலோ, தேடுவதை விட்டுவிட்டாலோ ஒலி அதிகம் என்று பொருள், குறைத்துவிடுங்கள். வாரத்துக்கு ஒரு சிறு அளவு மட்டும் கூட்டினால் போதும். உண்மையான ஊர்வலம் வரும்போது இந்தப் பயிற்சியைச் செய்யாதீர்கள். அப்போது சன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை வேகமாக ஓடவிட்டு, அவன் ஒடுங்கிய இடத்திலேயே விட்டு, வேண்டுமானால் பக்கத்தில் உட்காருங்கள். அரவணைத்தால் பயம் கூடிவிடும் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். அவனே வந்து ஒட்டிக்கொண்டால் அணைத்துக்கொள்ளுங்கள். கழுத்துப்பட்டையில் உங்கள் கைப்பேசி எண் எழுதிய வில்லை இருக்கட்டும், மாடிப்படிக் கதவு தாழிட்டிருக்கட்டும்; வெடிக்கு மிரண்டு தெருவில் ஓடி வழி தெரியாமல் போன நாய்கள் பல.

தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பும் இதே அளவு நடுங்கினால், அச்சத்தைத் தணிக்கும் மருந்து பற்றி மருத்துவரைக் கேளுங்கள். வெடி தொடங்கிய பிறகு கொடுத்தால் அது அவ்வளவாகப் பயன்படாது. எப்போது, எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய நடையை மாலை நான்கு மணிக்கு முன்பே முடித்துவிட்டால், இரவு அவன் வெளியே போக வேண்டிய தேவையும் இராது.